வெடித்தது குக்கர்: விதியா, வழக்கா?

(நமது சங்கத்தின் மும்பைப் பகுதிக் கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுவோம். குடிசை மாற்றுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவோம். ஊருக்குப் போகும் ரயிலில் இடம் கிடைக்காத கொடுமையைப் பற்றிப் பேசுவோம். இன்று அவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, நம் வீட்டு அடுப்படிக்குள்ளே இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய பொருள் வெடித்து, எரிந்து, கரண்ட் அடித்து நம்மவர் உடம்பு ஊனமானால், அதற்கு யார் பொறுப்பு? வழக்குப் போட முடியுமா? போட்டால் என்னென்ன நடக்கும்? இதுதான் இன்றைய பேச்சு.

இதில் அரசியல் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் நாம் குடியிருப்பது பத்துக்குப் பத்து அறை. அந்த ஒரே அறையில் அடுப்பு, சிலிண்டர், மாவு அரைக்கும் கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் ராடு, பிள்ளையின் தொட்டில் எல்லாம் இருக்கின்றன. பங்களாவில் குக்கர் வெடித்தால் சமையலறைச் சுவர் கறுக்கும். நம் அறையில் வெடித்தால் தொட்டில் வரைக்கும் போகும். அது மட்டுமல்ல, சந்தையில் மலிவானதும் முத்திரை இல்லாததும் எங்கே வந்து சேருகிறது? நம் தெருவுக்கு. பொருளில் குறை வைப்பவன் ஒருவன். அதற்கு உடம்பால் விலை கொடுப்பவன் இன்னொருவன். இந்தக் கணக்கைக் கேள்வி கேட்பது அரசியல் இல்லையென்றால் வேறு எது அரசியல்?

சங்கத்தைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் விபத்து நடந்து ஆறு மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். அதற்குள் வெடித்த பாத்திரம் பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். பில்லை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் இரண்டாயிரமோ ஐயாயிரமோ கையில் திணித்து, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருப்பார். "எங்க நேரம் சரியில்லைங்க" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கும். தோழர்களே, நேரம் சரியாகத்தான் இருந்தது. வால்வு சரியில்லை. வால்வைச் செய்தவனுக்கு முகவரி இருக்கிறது.

சட்டம் எப்படி வந்தது?

1928ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பெய்ஸ்லி என்ற ஊரில், கடையில் வேலை பார்த்த ஒரு ஏழைப் பெண்மணி சிற்றுண்டி விடுதி ஒன்றில் பாட்டில் பானம் குடித்தார். பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்தது என்றும், அதனால் நோயில் விழுந்தேன் என்றும் அவர் பானம் தயாரித்தவர் மீது வழக்குத் தொடுத்தார். பாட்டிலுக்குக் காசு கொடுத்தது அவர் அல்ல. உடன் வந்த தோழி. "எங்களிடம் வாங்கியவர் நீ இல்லையே" என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1932 மே மாதம், பொருளைச் செய்கிறவன் அதைக் கடைசியில் உபயோகிப்பவரிடமும் கவனமாக நடக்கக் கடமைப்பட்டவன் என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்ப்பளித்தார்கள். கோர்ட் கட்டணம் கட்ட வசதியில்லாத ஏழை என்று பதிவு செய்துகொண்டு அந்தப் பெண்மணி நடத்திய வழக்கு அது. உலகில் பல நாடுகளின் சட்டம் அதிலிருந்து வளர்ந்தது.

நம் நாட்டில் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை மாற்றி 2019இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. புதுச் சட்டத்தில் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள் முழுவதும் பொருளால் ஏற்படும் தீங்குக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியவை. செய்ததில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன அளவுப்படி செய்யாதது, கொடுத்த உறுதிமொழிக்கு மாறாக இருப்பது, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்போ ஆபத்து எச்சரிக்கையோ போதிய அளவு இல்லாதது – இந்த ஐந்தில் எது இருந்தாலும் உற்பத்தியாளர் பொறுப்பு. கொடுத்த உறுதிமொழி பொய்த்துப்போனால், "நாங்கள் கவனமாகத்தான் செய்தோம்" என்று நிரூபித்தாலும் அவர் தப்ப முடியாது.

முதல் இரண்டு நாள்

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் இரண்டு நாளில் நாம் செய்வதைப் பொறுத்தது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் உயிர். சயான் ஆஸ்பத்திரியோ, கே.இ.எம். ஆஸ்பத்திரியோ, அருகில் எது இருக்கிறதோ அங்கே ஓடுங்கள். அங்கே டாக்டர் "எப்படி ஆயிற்று?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதில் கேஸ் பேப்பரில் ஏறிவிடும். பல வருஷம் கழித்துக் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். பயத்தில் "கால் இடறி அடுப்பில் விழுந்துவிட்டாள்" என்று சொல்லிவிடாதீர்கள். போலீஸ் வருமே என்று அஞ்சி உண்மையை மறைத்தால், வழக்கு அங்கேயே செத்துவிடும். "குக்கர் வெடித்தது", "ரெகுலேட்டரில் கேஸ் கசிந்தது" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். என்ன எழுதினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, வெடித்த பொருள். அதைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். எல்லாத் துண்டுகளையும், மூடி, வெயிட், ரப்பர் வளையம் உட்பட, ஒரு கோணியில் போட்டுக் கட்டிவையுங்கள். விழுந்து கிடந்த இடத்திலேயே முதலில் போட்டோ எடுங்கள். கம்பெனி ஆள் வந்து, "சோதனைக்கு எடுத்துப் போகிறோம், புதிதாக ஒன்று தருகிறோம்" என்பார். நல்லவராகவே இருக்கட்டும், பொருளைத் தராதீர்கள். நம் கையிலுள்ள சாட்சிகளில் வாய் மாற்றிப் பேசாத சாட்சி அது ஒன்றுதான். பார்க்க வேண்டுமென்றால் நம் முன்னிலையில் பார்த்துப் போகட்டும்.

மூன்றாவது, காகிதம். போலீசில் தகவல் கொடுத்து அதன் நகல், பஞ்சநாமா, தீயணைப்புப் படை வந்திருந்தால் அவர்கள் அறிக்கை, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், மருந்து பில், டாக்ஸி செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு முதலாளியின் கடிதம் அல்லது பாஸ்புத்தகத்தில் சம்பளம் நின்றுபோன பக்கம். பில் இல்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம். போனில் பணம் அனுப்பிய குறிப்பு, வாரண்டி அட்டை, பொருளின் அடியில் உள்ள நம்பர், கூட இருந்து வாங்கியவரின் வாக்குமூலம் ஆகியவையும் உதவும். ஆனால் பில் இருந்தால் பாதி வாதம் மிச்சம்.

காகிதத்தின் அருமைக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தைச் சேர்ந்த டிப்யூ கம்பெனி செய்த ஒருவகைச் செயற்கை இடுப்பு மூட்டைக் குறைபாடு காரணமாக 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த குழு நஷ்டஈட்டுக் கணக்கை முடிவு செய்தது 2018 நவம்பரில். ஒருவருக்கு 30 லட்சம் முதல் 1 கோடியே 23 லட்சம் வரை என்று கணக்கிட்டார்கள். ஆனால் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பதிவு இல்லை. நோயாளியிடம் சீட்டு இல்லை. உடம்புக்குள் இருக்கும் பொருளுக்கே அந்தக் கதி என்றால், அடுப்பில் இருக்கும் பொருளுக்கு என்ன கதி என்று எண்ணிப் பாருங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

மூன்று கதவுகள் இருக்கின்றன. எது நமக்கு என்று தெரிந்து தட்ட வேண்டும்.

முதல் கதவு, கேஸ் விபத்துக்கு. முறையான கேஸ் இணைப்பு உள்ள வீட்டில் கேஸ் காரணமாக விபத்து நடந்தால், எண்ணெய்க் கம்பெனிகள் எடுத்துவைத்திருக்கும் இன்சூரன்ஸ் உண்டு. இதற்கு நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம். மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. பதிவு செய்த வீட்டில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விபத்து நடந்த உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் கம்பெனிக்கும், கம்பெனி இன்சூரன்சுக்கும் தெரிவிப்பார்கள். கசிவு என்று தெரிந்தால் 1906 என்ற நம்பருக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் முகவரிச் சான்று இல்லை என்பதற்காகப் பக்கத்துக் கடையில் திருட்டுத்தனமாக நிரப்பிய சின்ன சிலிண்டரை வாங்குகிறோம். அது வெடித்தால் இந்த இன்சூரன்ஸ் கதவு அடைபட்டுப் போகும். முகவரிச் சான்று கேட்காமலே 5 கிலோ சிலிண்டரை எண்ணெய்க் கம்பெனிகளே விற்கின்றன. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் அதற்குப் பில் உண்டு, பொறுப்புக்கு ஆள் உண்டு.

இரண்டாவது கதவு, வேலை செய்யும் இடத்தில் நடந்த விபத்துக்கு. பட்டறை மெஷினில் கை போனால், முதலில் கேட்க வேண்டியது முதலாளியை. ஈ.எஸ்.ஐ. இருந்தால் அதன் மூலம். இல்லாவிட்டால் தொழிலாளர் இழப்பீடு. 1923ஆம் ஆண்டு முதல் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் வழியாகத் தொடர்கிறது. இங்கே மெஷினில் குறை இருந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்பதைக் காட்ட வேண்டும். மெஷின் கம்பெனியோ, "எச்சரிக்கை எல்லாம் முதலாளியிடம் கொடுத்துவிட்டோம்" என்று 87ஆம் பிரிவின் கீழ் ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஆகவே பட்டறை விபத்தை நேரே நுகர்வோர் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் வருஷங்களைத் தொலைக்க வேண்டாம்.

மூன்றாவது கதவுதான் நுகர்வோர் ஆணையம். மும்பையில் பரேலிலும் பாந்த்ராவிலும் இயங்குகிறது.

யார் வழக்குப் போடலாம்?

காசு கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான். மகன் வாங்கிய குக்கரில் தாய் சமைத்தார் என்றால் தாய் வழக்குப் போடலாம். சிறு பிள்ளைக்குக் காயம் என்றால் பெற்றோர் போடலாம். இறந்துபோனால் வாரிசுகள் போடலாம். பெரிய கட்டடங்களில் வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகள், அந்த வீட்டம்மாவின் மிக்சியில் கையை இழந்தால்கூட, சம்மதத்தோடு பயன்படுத்தியவர் என்ற முறையில் வாதாட இடமிருக்கிறது.

வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்கிறது. இதைக் கேட்டு நம் இட்லிக்காரத் தோழர்கள் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காகத் தாமே பயன்படுத்தும் பொருளை வியாபார நோக்கம் என்று கொள்ளக்கூடாது என்று அதே சட்டம் விளக்கம் சொல்கிறது. விடியற்காலையில் கிரைண்டரில் மாவாட்டி, கூடையைத் தலையில் சுமந்து விற்கிறவர், வண்டியில் இஸ்திரி போடுகிறவர், வீட்டில் தையல் மெஷின் மிதிக்கிறவர் எல்லாரும் நுகர்வோரே.

புதுச் சட்டத்தில் நமக்கு மிகவும் பயன்படும் அம்சம் ஒன்று உண்டு. பழைய சட்டப்படி, எதிராளி இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரில், அல்லது வேலை பார்க்கும் ஊரில் போடலாம். தீக்காயம் பட்ட பெண்ணை ஆறு மாதத்துக்கு ஊருக்கு அனுப்பிவைப்பது நம் வழக்கம். அதோடு வழக்கும் படுத்துவிடும். இனி அப்படி விட வேண்டியதில்லை. திருநெல்வேலியில் குடியேறிவிட்டால் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே தமிழ்நாட்டு வக்கீலை வைத்து நடத்தலாம். கம்பெனி அங்கே வந்து பதில் சொல்லட்டும். எங்கே போட்டாலும் இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு என்றால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்றாட வேண்டிவரும்.

வழக்கு நடக்கும் விதம்

செலவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட் கட்டணம் கிடையாது. எந்த ஆணையத்தில் போடுவது என்பதும் பொருளின் விலையைப் பொறுத்ததே. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். ஆயிரம் ரூபாய் குக்கருக்கு நாம் எத்தனை லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். வக்கீல் இல்லாமல் நாமே நின்று வாதாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கம்பெனி பெரிய வக்கீலை நிறுத்தும். ஆகவே வக்கீல் வைப்பதே நல்லது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், ஊனமுற்றோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு செலவில் வக்கீல் உண்டு. இதற்கு 15100 என்ற நம்பரில் கேட்கலாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. நம் தாய்மார்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வழக்குக்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி நம்பரில் புகார் சொல்லலாம், தமிழிலும் பேசலாம். அங்கே கம்பெனியோடு பேசிப் பார்ப்பார்கள். தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பிறகு வக்கீல் நோட்டீஸ். பிறகு புகார் மனு. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ருதி என்ற அரசுத் தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே மனு போடும் ஏற்பாடும் இருக்கிறது. மனுவை ஏற்பதா என்பதைச் சாதாரணமாக 21 நாளில் முடிவு செய்ய வேண்டும். எதிராளி 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. பொருளைச் சோதிக்க வேண்டுமென்றால் ஆணையம் அதை முத்திரையிட்டுச் சோதனைச்சாலைக்கு அனுப்பும். சோதனைக் கட்டணத்தை நம்மைக் கட்டச் சொல்லலாம். அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவைக்க வேண்டும். மனு, பதில், பிரமாண வாக்குமூலம், வாதம் என்று படிப்படியாகப் போகும். வெளியூரில் இருந்தால் வீடியோ மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

மூன்று மாதத்தில், சோதனை இருந்தால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். ஆனால் உங்களுக்கு ஆசை காட்ட நாங்கள் விரும்பவில்லை. நடைமுறையில் வருஷக்கணக்கில் இழுக்கும். வாய்தா மேல் வாய்தா வரும். உறுப்பினர் பதவி காலியாக இருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். ஜெயித்த பிறகும் கம்பெனி மேல் முறையீட்டுக்குப் போகலாம். அதற்கு 45 நாள் அவகாசம். ஆனால் தீர்ப்பான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். தீர்ப்புக்குக் கீழ்ப்படியாவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கம்பெனி என்ன சொல்லும்?

அவர்கள் வாதம் புதிதாக ஒன்றும் இருக்காது. "நீங்கள்தான் தவறாகப் பயன்படுத்தினீர்கள்" என்பது முதல் வாதம். அளவுக்கு மேல் பருப்பைப் போட்டீர்கள், வால்வைச் சுத்தம் செய்யவில்லை என்பார்கள். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மொழியில் எழுதியிருக்கிறது, நம் வீட்டில் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

"நீங்கள் மாற்றிவிட்டீர்கள்" என்பது இரண்டாவது. தெருவில் வாங்கிய ரப்பர் வளையம், பட்டறையில் அடித்துக்கொடுத்த வெயிட், ஒட்டுப்போட்ட ஒயர் ஆகியவை நம் வழக்கைப் பலவீனமாக்கும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பல லட்சத்தை இழக்கக்கூடாது.

"வாரண்டி முடிந்துவிட்டது" என்பது மூன்றாவது. பொருளை மாற்றித் தருவதற்கு அது பதிலாகலாம். உடம்பில் பட்ட காயத்துக்கு அது மட்டுமே பதிலாகாது. ஆனால் பொருள் பழையதாக ஆக, தேய்மானம் என்ற வாதம் பலம் பெறும் என்பதையும் மறக்கக்கூடாது.

"குடித்திருந்தார்" என்பது நான்காவது. போதிய எச்சரிக்கையோ குறிப்போ இல்லை என்று போடும் வழக்கில், பொருளைப் பயன்படுத்தும்போது மது அருந்தியிருந்தால் உற்பத்தியாளருக்குப் பொறுப்பில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண் தோழர்கள் புரிந்துகொள்வார்கள்.

"இது எங்கள் சரக்கே அல்ல, போலி" என்பது ஐந்தாவது. அப்போது கடைக்காரரை விடக்கூடாது. செய்தவர் யார் என்று தெரியாவிட்டாலும், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலும், விற்றவர் பொறுப்பாவார். ஆகவே முதலிலேயே கம்பெனி, கடைக்காரர் இருவரையும் எதிர்த்தரப்பில் சேர்ப்பதே நல்லது.

எவ்வளவு கேட்பது?

உடல் காயம், நோய், மரணம், அதோடு வந்த மன வேதனை, வீட்டிலுள்ள மற்றப் பொருள்களின் சேதம் ஆகியவற்றுக்கு நஷ்டஈடு உண்டு. வெடித்த பொருளின் விலையும், வியாபார நஷ்டமும் இந்தக் கணக்கில் சேராது. வாழ்க்கைத் துணையை இழந்ததற்கும், அவர் செய்துவந்த பணிகளை இழந்ததற்கும் கேட்கலாம் என்று சட்டம் சொல்வதை நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். "வீட்டில் சும்மா இருக்கிற பொம்பளைக்கு என்ன வருமானம்?" என்று கேட்கும் காலம் போய்விட்டது. 2021 ஜனவரியில் ஒரு சாலை விபத்து வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமானம் கணக்கிட்டே நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள். எழுதாததை நீதிபதி ஊகித்துக் கொடுக்க மாட்டார்.

சமரசமும் தரகரும்

சமரசமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆணையமே இரு தரப்பையும் சமரச மையத்துக்கு அனுப்பலாம். நியாயமான தொகை கிடைத்தால், ஐந்து வருஷம் அலைவதைவிட அதுவே மேல். ஆனால் காயம் ஆறுவதற்கு முன்னே, இன்னும் எத்தனை ஆபரேஷன் தேவைப்படும் என்று தெரிவதற்கு முன்னே கையெழுத்துப் போடாதீர்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று தெரியாத மொழியில் அச்சடித்த தாள், அந்த ஐயாயிரத்துக்காக அல்ல, பின்னால் கிடைக்கக்கூடிய ஐந்து லட்சத்துக்காக நீட்டப்படுகிறது.

இன்னொரு கூட்டம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறது. "ஒன்றும் கொடுக்க வேண்டாம், கிடைப்பதில் முப்பது பங்கு" என்பார்கள். கிடைக்கும் நஷ்டஈட்டில் பங்கு பேசக்கூடாது என்பது வக்கீல்களுக்கே உள்ள விதி. அப்படிப் பேசுகிறவர் விதியை மீறுகிறார், அல்லது வக்கீலே இல்லை. ஒரிஜினல் காகிதங்களை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, ஒரு வழக்கு ஒரு குடும்பத்தின் காயத்துக்குத்தான் மருந்து. அடுத்த குக்கர் வெடிக்காமலிருக்க என்ன வழி? வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2021 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. இருந்தும் 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை, முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக அமேசான், பிளிப்கார்ட் ஆகிய பெரிய நிறுவனங்களுக்குத் தலா ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்து, விற்றவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. அமேசான் மூலம் மட்டும் 2,265 குக்கர்கள் விற்றிருந்தன. பணக்காரர் வாங்கும் இடத்திலேயே இப்படி என்றால், நம் தெருவில் மூட்டை பிரித்து விற்பதை யார் வந்து சோதிக்கிறார்கள்? சோதிக்க வேண்டும் என்று கேட்பது நம் கோரிக்கை. ஆணையங்களில் காலியான இடங்களை நிரப்ப வேண்டும், வெளிமாநிலத் தொழிலாளிக்கு அவர் மொழியில் உதவ ஆள் வைக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கை. இவற்றை மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு சாலிலிருந்தும் இரண்டு பேர் முன்வர வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். குக்கரைக் கவிழ்த்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனடியில் லைசென்ஸ் நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் டியூப் போட்டு ஐந்து வருஷம் ஆகிவிட்டதென்றால் ஏஜென்சியில் புதிது வாங்கி மாற்றுங்கள். வீட்டிலுள்ள பில்களையெல்லாம் போனில் போட்டோ எடுத்து ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். மழையில் கூரை ஒழுகினாலும் அது அழியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகம் திறந்திருக்கும். விபத்து நடந்த வீட்டார் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே வாருங்கள். கோணியைக் கட்டியபடியே கொண்டுவாருங்கள்.